பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்: இடிப்புக்குத் தடை, மழைக்குத் தடையில்லை

சென்னை அண்ணா சாலையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வந்து சேரும் முனையில் நிற்கும் சிவப்புச் செங்கல் கட்டடம் 1897ல் கட்டி முடிக்கப்பட்டபோது அதன் பெயர் கார்டில் பில்டிங். மருந்து வியாபாரியான டபிள்யூ. இ. ஸ்மித் தன் நிறுவனத்துக்காகக் கட்டியது. இன்றும் ஊர் வாயில் நிலைத்திருப்பது அடுத்து வந்த உரிமையாளரின் பெயர்தான்: பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்.

2006ல் இதை இடிக்கத் தொடங்கினார்கள். நீதிமன்றம் தடுத்தது. 2010ல் இடிக்கவே கூடாது என்று தீர்ப்பும் வந்தது. அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்கு மேலாகியும் கட்டடம் மீளவில்லை. இந்த ஆய்வு அந்த இடைவெளியைப் பற்றியது. தடை உத்தரவு கடப்பாரையை நிறுத்தும், மழையை நிறுத்தாது. சுண்ணாம்பும் தேக்கும் செங்கல்லும் சேர்ந்து எழுந்த ஒரு கட்டடத்தில் கூரை திறந்துவிட்டால் என்ன நடக்கும், எந்த வரிசையில் நடக்கும், அதை எந்த இடத்தில் மறிக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பாரம்பரியப் பட்டியலில் பெயர் சேர்ப்பதால் மட்டும் எந்தக் கட்டடமும் பிழைக்காது.

கடை வைக்கக் கட்டிய கோபுரங்கள்

1870களிலிருந்து 1900களின் தொடக்கம் வரை மவுன்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை, பெரிய கடைகளின் தெருவாக மாறியது. கடிகார வியாபாரம் செய்த பி. ஓர் அண்ட் சன்ஸுக்கு ராபர்ட் சிஸம் வடிவமைத்த மாளிகை 1870களில் எழுந்தது. ஸ்பென்சரின் பெரிய கடை 1890களில் வந்தது. ஹிக்கின்பாதம்ஸ் இன்றிருக்கும் கட்டடத்துக்கு 1904ல் வந்தது. சாலை அகலம், கடைகள் உள்ளே தள்ளி நிற்கும், வாடிக்கையாளர் வண்டியில் வருவார். அவர் கண்ணுக்குத் தூரத்திலேயே பட வேண்டுமென்றால் உயரம் வேண்டும். ஸ்மித்தின் கட்டடத்தில் மினார் போன்ற உயர்ந்த கோபுரங்களும் வளைவுகளும் குமிழ்மாடங்களும் வந்ததற்கு அழகு ஒரு காரணம், வியாபாரம் இன்னொரு காரணம். மருந்துக்கடை ஒன்று அரசு மாளிகைகளின் கட்டடப் பாணியை எடுத்து அணிந்துகொண்டது என்பதே இதன் வரலாற்று மதிப்பின் பாதி. இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய வடிவங்களைக் கலந்த இந்தோ-சாரசனிக் பாணியில் நமக்கு மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை நீதிமன்றம், பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், ரயில் நிலையம். தனியார் கடை என்பது அபூர்வம்.

வடிவமைத்தவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தை ஹென்றி இர்வின் 1892ல் முடித்தபோது அவருக்குத் துணையாக இருந்தவர் இவரே. ஸ்டீபன்ஸ் உழைத்த ஒரு கட்டடத்தில் உட்கார்ந்துதான் நீதிபதிகள் அவருடைய இன்னொரு கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று சொன்னார்கள்.

கீழ்த்தளத்தில் காட்சிக்கூடமும் மருந்துக்கடையும், மேலே வாடகைக்கு விடும் பகுதிகள். ஸ்மித்தின் வியாபாரம் பின்னாளில் ஸ்பென்சர் வசம் போயிற்று. 1930களில் கட்டடத்தை லாகூரில் தொடங்கிய பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி வாங்கியது. 1956ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானபோது 245 நிறுவனங்கள் ஒன்றாகி எல்.ஐ.சி. பிறந்தது. கட்டடம் அந்தச் சொத்துக் கணக்கோடு கைமாறியது. 1959ல் அதே சாலையில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டது. நகரின் முதல் வானளாவியும் நகரின் மிக அழகிய விக்டோரியா காலக் கடைக் கட்டடமும் ஒரே உரிமையாளரிடம், ஒரே சாலையில். ஒன்றின் படம் ஊரறிந்த சின்னமாகியது. மற்றது பழைய சொத்தாகியது.

பட்டியல் பிறந்த விதம்

100 ஆண்டு கடந்த கட்டடம் தானாகவே சட்டப் பாதுகாப்புக்குள் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மத்தியில் 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டமும் தமிழ்நாட்டில் 1966ஆம் ஆண்டின் சட்டமும் அரசு தனித்தனியே அறிவிக்கும் சின்னங்களுக்கு மட்டுமே பொருந்தும். கோயிலும் கோட்டையும் குகையும் அந்த அறிவிக்கைக்குள் வரும். மவுன்ட் ரோட்டுக் கடைகள் வரவில்லை.

சென்னையின் கட்டடங்களுக்குப் பட்டியல் கிடைத்தது விளம்பரப் பலகை வழக்கில். நகரெங்கும் முளைத்த ராட்சதப் பலகைகள் எந்தெந்த முக்கியமான கட்டடங்களை மறைக்கின்றன என்று பார்க்க உயர் நீதிமன்றம் நீதிபதி பத்மநாபன் தலைமையில் குழு அமைத்தது. அந்தக் குழு தயாரித்த பட்டியலில் 467 கட்டடங்களும் வளாகங்களும் இருந்தன. பலகையை எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லப் பிறந்த பட்டியல் அது. ஆகவே ஒவ்வொரு கட்டடத்திலும் எந்தப் பகுதி முக்கியம், எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற விவரம் அதில் எதிர்பார்க்க முடியாது. கட்டடத்தின் பெயர் இருந்தது, கூரையின் கணக்கு இல்லை. பின்னால் வந்த பல சிக்கல்களுக்கு விதை இங்கே இருக்கிறது.

2006ல் வாடகைதாரர்கள் வெளியேறிய பிறகு இடிப்பு தொடங்கியது. கட்டடம் பழுதடைந்துவிட்டது, ஆபத்தானது என்பது உரிமையாளர் தரப்பு. பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு பொதுநல வழக்குப் போட்டது. இடைக்காலத் தடை வந்தது, அதற்குள் கட்டடம் காயப்பட்டிருந்தது. 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு இக்கட்டடத்தை இடிக்கத் தடை விதித்தது. பத்மநாபன் குழுப் பட்டியலில் உள்ள கட்டடங்களையும் காப்பாற்ற வேண்டியவை என்று ஏற்றது. பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொன்னது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் கீழ் அந்தக் குழு அமைந்தது. சென்னையின் கட்டடப் பாதுகாப்பில் இதைவிட முக்கியமான தீர்ப்பு வேறில்லை என்று தயங்காமல் சொல்லலாம். இது இல்லாவிட்டால் பட்டியல் வெறும் காகிதமாகவே இருந்திருக்கும்.

தீர்ப்பு வந்த நாளில் கட்டடம் நான்கு மழைக்காலங்களை அரைகுறை நிலையில் கடந்திருந்தது.

கூரை: எப்படிப் போட்டார்கள், எப்படி விழுகிறது

இடிப்பவர்கள் மேலிருந்துதான் தொடங்குவார்கள். ஆகவே பாதியில் நின்றுபோகும் எந்த இடிப்பிலும் முதல் பலி கூரையும் கைப்பிடிச்சுவரும்தான். அந்தக் காலத்து மவுன்ட் ரோட்டுக் கட்டடங்களுக்கு உரிய கூரை மெட்ராஸ் டெரஸ். அதன் அமைப்பு தெரிந்தால்தான் ஓட்டை விழுந்த கூரை ஏன் இவ்வளவு வேகமாகக் கெடுகிறது என்பது புரியும்.

சுவருக்குச் சுவர், அல்லது உத்திரத்துக்கு உத்திரம், தேக்குச் சட்டங்களைச் சுமார் 45 செ.மீ. இடைவெளியில் வைப்பார்கள். அவற்றின் மேல் அச்சுக்கல். ஏறத்தாழ 15 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. கனம் உள்ள மெல்லிய செங்கல் இது. சுண்ணாம்புச் சாந்தில் நீள விளிம்பில் நிறுத்தி, சட்டத்துக்கு 45 பாகைக் கோணத்தில் மூலையிலிருந்து வரிசை வரிசையாகக் கட்டிக்கொண்டு போவார்கள். கீழே பலகை முட்டு கிடையாது. மூலையில் தொடங்கும் முதல் வரிசை மிகக் குட்டை. அது இறுகியதும் அதன் பக்கவாட்டில் அடுத்த வரிசை ஒட்டும். குறுக்கே சாய்த்து வைப்பதால் ஒவ்வொரு வரிசையும் இரண்டு மூன்று சட்டங்களைக் கடந்து போகும், சுமையும் பங்கிட்டுப் போகும்.

அச்சுக்கல் இறுகிய பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். சுமார் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, மரக்கட்டைகளால் அடித்து 7.5 செ.மீ. ஆக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் அடிக்க வேண்டும். கட்டை பட்டுத் துள்ளும்வரை அடித்தால்தான் தளம் அடித்ததாகப் பொருள். அதற்கு மேல் இரண்டு வரிசைத் தட்டோடு, மூட்டு மேல் மூட்டு வராமல், சாந்தில் பதித்து வாட்டம் விட்டு முடிப்பார்கள். இந்த முறைக்கு ஐ.எஸ். 2119 என்ற இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. பழைய முறை, தரக்கட்டுப்பாடு செய்ய முடியாது என்று சொல்லும் ஒப்பந்ததாரருக்கு அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

6 மீட்டருக்கு 4 மீட்டர் அறை ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பரப்பு 24 சதுர மீட்டர். 4 மீட்டர் நீளத்தைத் தாண்டும் சட்டங்கள் 13 அல்லது 14. சட்டம் ஒன்றின் குறுக்களவு 10க்கு 20 செ.மீ. இருந்தால் நல்ல தேக்கில் போதுமானது. அச்சுக்கல் சதுர மீட்டருக்கு சுமார் 180 வீதம் 4,300 வேண்டும், உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். அடித்து முடிந்த நிலையில் ஜல்லித் தளம் 1.8 கன மீட்டர், கலக்கும்போது 2.4. அச்சுக்கல், ஜல்லி, தட்டோடு எல்லாம் சேர்ந்து மொத்தக் கனம் 19 செ.மீ., கன மீட்டருக்கு 1,800 கிலோ என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 340 கிலோ. அறைக்கு மேல் 8 டன் உட்கார்ந்திருக்கிறது.

இந்த 8 டன்னும் இறங்கும் இடம் சட்டத்தின் இரு முனைகள், அதாவது சுவருக்குள் புதைந்திருக்கும் 15 முதல் 20 செ.மீ. அளவுள்ள மரத்துண்டு. தோல்வி தொடங்குவதும் அங்கேதான். நடுவில் சட்டம் காற்றாட இருக்கிறது, நனைந்தாலும் காயும். முனை சுவர்ப்பொந்துக்குள் காற்றில்லாமல் இருக்கிறது. மேலே தளத்தில் விரிசல் விட்டாலோ, மழைநீர்த் தூம்பு அடைத்து நீர் தேங்கினாலோ, ஈரம் சுவர் வழியே இறங்கி அந்தப் பொந்தில் நிற்கும். தேக்கு நன்றாகத் தாங்கும் மரம்தான், ஆனால் எப்போதும் ஈரமாக இருக்கும் முனை உளுத்துப் போகும், கரையானும் சேரும். கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சட்டம் வைரம் பாய்ந்தாற்போல் தெரியும். முனையில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் இத்தகைய கூரைகள் சொல்லாமல் கொள்ளாமல் விழுகின்றன என்கிறார்கள். முனையில் 6 மி.மீ. துளை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: நல்ல மரத்தில் துளைக்கருவி திணறும், சுருள் சுருளாகத் தூள் வரும். உளுத்த மரத்தில் வெண்ணெய்போல் இறங்கும், கறுத்த ஈரத்தூள் வரும்.

கூரை விழுந்த பிறகு கணக்கு வேறு. சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மேலே சொன்ன 24 சதுர மீட்டர் அறையில் கூரை இல்லாவிட்டால் ஆண்டுக்கு 33,600 லிட்டர் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். நான்கு ஆண்டுக்கு 1.3 லட்சம் லிட்டர். வெளியே பெய்யும் மழையைத் தாங்கவே கட்டிய சுவர்கள் இவை. உள்பக்கமாக, அதுவும் உச்சியிலிருந்து வரும் நீரைத் தாங்க இவற்றில் எந்த ஏற்பாடும் இல்லை.

சுவர்

தடித்த செங்கல் சுவர் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் நிற்கும் என்பது பாதி உண்மை. தலை மூடியிருக்கும்வரை நிற்கும். கைப்பிடிச்சுவரும் கூரையும் போனபின் சுவரின் தலை திறந்த வாயாகிவிடுகிறது. நீர் நடுப்பகுதிக்குள் இறங்கிச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகிறது. வெளிமுகத்தில் நல்ல செங்கல்லும் ஒடுக்கமான மூட்டும் இருக்கும், உள்ளே சாந்து மணலாகியிருக்கும். சுவரைச் சுத்தியலால் தட்டினால் பொத்தென்ற ஓசை வரும் இடங்கள் இவை.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. தளங்கள் சுமையை மட்டும் கொடுப்பதில்லை, சுவரைப் பக்கவாட்டில் பிடித்தும் வைத்திருக்கின்றன. தளத்துக்குத் தளம் 4.5 மீட்டர் உயரம், சுவர் 45 செ.மீ. கனம் என்றால் உயரத்துக்கும் கனத்துக்கும் உள்ள விகிதம் 10. உள்ளே இரண்டு தளங்களையும் எடுத்துவிட்டால் அதே சுவர் 13.5 மீட்டர் தனியாக நிற்கிறது. விகிதம் 30. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய, இரண்டு மாடிக்கு மேற்பட்ட கட்டடத்துக்கு, செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1905 அனுமதிப்பது 13. வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே முழுவதும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. முட்டுக் கொடுக்காமல் உள்ளே கை வைத்தால் அந்த முகப்பே சாலையில் விழும் என்பதற்கு இந்த எளிய வகுத்தல் போதும்.

அடுத்தது ஆலும் அரசும். பறவை எச்சத்தில் வரும் விதை, நீர் ஊறிய மூட்டில் முளைக்கும். முதலாண்டு விரல் நீளச் செடி, ஐந்தாவது ஆண்டில் வேர் சுவரின் நடுவில். இதைப் பிடுங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும், மிஞ்சிய வேர் மறுபடி துளிர்க்கும். தண்டைச் சுவரோடு ஒட்ட அறுத்து, வெட்டுவாயில் துளையிட்டுக் களைக்கொல்லி ஊற்றி, துளையைக் களிமண்ணால் அடைத்துவிட வேண்டும். துளிர் வராமல் ஒரு மழைக்காலம் கடக்க வேண்டும். செத்த பிறகு அந்த இடத்துச் செங்கல்லை எண் போட்டுப் பிரித்து, வேரை எடுத்து, அதே செங்கல்லை அதே இடத்தில் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்ட வேண்டும். மெல்லிய வேர் விட்ட பொந்துகளுக்குச் சுண்ணாம்புக் கரைசலைக் கீழிருந்து மேலாக, தன் எடையில் இறங்கும் அழுத்தத்தில் மட்டும் ஊற்ற வேண்டும். பம்பு வைத்து அழுத்தினால் தளர்ந்த சுவர் வயிறு தள்ளிவிடும்.

இரும்பும் உண்டு. விக்டோரியா காலக் கடைகளுக்குத் தூண் இல்லாத அகலமான கீழ்த்தளம் வேண்டும். அதற்கு இரும்பு உத்திரங்கள் போட்டார்கள், பல கட்டடங்களில் உத்திரங்களுக்கு இடையே சிறு செங்கல் வளைவுகள். துரு ஏறும் இரும்பு தன் பழைய அளவைப்போல் பல மடங்கு பெருக்கும். சுவருக்குள் புதைந்த முனையில் துரு பெருகினால் செங்கல் வரிசையையே தூக்கிவிடும். உத்திர முனைக்கு மேல் படுக்கையாக ஓடும் விரிசலைப் பார்த்து அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டிய அறிக்கைகள் உண்டு. அஸ்திவாரம் இறங்கினால் விரிசல் சாய்வாக, ஜன்னல் மூலையிலிருந்து ஏணிப்படிபோல் ஓடும். ஓரிடத்தில் அகலமாகத் தொடங்கி ஓடஓடக் குறுகும்.

கடைசியாக சிமென்ட். பழுது பார்க்கிறோம் என்று சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசியதால் கெட்ட கட்டடங்கள் மழையால் கெட்டவற்றுக்குக் குறைந்தவை அல்ல. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. ஈரம் உள்ளே தங்கி, ஓதம் மேலே ஏறி, பூச்சுக்குப் பின்னால் உப்புப் பூக்கிறது. கடலுக்கு இவ்வளவு அருகில் உள்ள ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை. உப்புப் படிகம் செங்கல்லின் முகத்தை உரித்துத் தள்ளும். மூன்று நான்கு ஆண்டில் பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழும்போது செங்கல்லின் முகத்தையும் கூட்டிக்கொண்டு விழும். பிறகு செங்கல் தரமில்லை என்று பேச்சு வரும்.

ஆபத்தான கட்டடம் என்று எழுதுவதற்கு முன்

பழைய கட்டடத்தை இடிக்க வேண்டும் என்ற முடிவுக்குப் பெரும்பாலும் துணை நிற்பது ஓர் உறுதித்தன்மை அறிக்கை. அதை வாசிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, என்ன சோதனை செய்தார்கள் என்பது. தட்டித் துள்ளலை அளக்கும் ரீபவுண்ட் ஹாமரும், ஒலி அலை செல்லும் வேகத்தை அளக்கும் அல்ட்ராசானிக் சோதனையும் கான்கிரீட்டுக்கு ஏற்பட்டவை. செங்கல்லும் சுண்ணாம்பும் மாறிமாறி வரும், நடுவில் வெற்றிடங்கள் உள்ள சுவரில் அந்த எண்களுக்குப் பொருள் இல்லை. கான்கிரீட்டின் அளவுகோலில் சுண்ணாம்பு எப்போதும் தோற்கும்.

இத்தகைய சுவருக்கு ஏற்ற சோதனை தட்டை ஜாக். மூட்டுக்கு மேலும் கீழும் குறியிட்டு இடைவெளியை அளந்துகொண்டு, மூட்டுச் சாந்தை மட்டும் அறுத்தெடுத்தால் இடைவெளி சற்றுச் சுருங்கும். மெல்லிய உலோகப் பையை உள்ளே செருகி எண்ணெய் அழுத்தம் கொடுத்து, பழைய இடைவெளி திரும்பும் அழுத்தத்தைக் குறித்தால் அந்த இடத்தில் சுவர் இப்போது சுமந்துகொண்டிருக்கும் சுமை தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் மூட்டைச் சாந்தால் அடைத்துவிடலாம், தழும்பு தெரியாது. இதோடு சட்ட முனைகளில் துளைச்சோதனை, பொந்துகளுக்குள் நுழைத்துப் பார்க்கும் எண்டோஸ்கோப் கருவி, சாந்தின் மாதிரியை அமிலத்தில் கரைத்துச் சுண்ணாம்புக்கும் மணலுக்கும் உள்ள விகிதம், தூக்குக்குண்டு விட்டு ஒவ்வொரு மாடியிலும் சாய்வு. விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைத்தால் அது உடைகிறதா என்று பார்த்து விரிசல் உயிரோடிருக்கிறதா என்று சொல்லலாம். குறைந்தது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்க்காமல் சொல்லக் கூடாது. ஒரே ஒரு முறை வந்து பார்த்து எழுதிய அறிக்கை, விரிசல் இருக்கிறது என்று சொல்ல முடியும், நகர்கிறது என்று சொல்ல முடியாது.

முதல் மழைக்கு முன்

தடை உத்தரவு வந்த நாளிலிருந்து முழு மீட்புப் பணி தொடங்கும்வரை பல ஆண்டுகள் ஆகும். திட்ட மதிப்பீடு, ஒப்பந்தம், குழுவின் ஒப்புதல், நிதி எல்லாம் தாமதிக்கும். ஆகவே இடைக்காலப் பாதுகாப்புக்கென்று தனியாக, சிறிய தொகையில், உடனே செய்யும் ஒரு வேலை வேண்டும்.

முதலில் தற்காலிகக் கூரை. தகரத் தகடுகளைச் சுவரின் மேல் உட்கார வைக்கக் கூடாது. தரையிலிருந்து எழும் தனிச் சாரத்தின் மேல் நிற்க வேண்டும், சுவருக்கு அதன் எடையும் வரக்கூடாது, புயல் காற்றில் அதன் இழுப்பும் வரக்கூடாது. தகடு சுவர் விளிம்பைத் தாண்டி ஒரு மீட்டராவது நீள வேண்டும். நீரைக் குழாயில் இறக்கி அஸ்திவாரத்தை விட்டுத் தள்ளித் தெருக் கால்வாயில் விட வேண்டும். இதில் சோம்பினால் கூரையில் தடுத்த நீரையெல்லாம் சுவரின் காலடியில் கொட்டியதாக முடியும்.

இரண்டாவது முட்டு. தளம் போன சுவர்களைப் பழைய தள மட்டத்தில் எஃகுக் குழாய்ச் சாரத்தோடு பிணைக்க வேண்டும். வளைவுகளின் அடியில் அதே வளைவுக்கு வெட்டிய மரச்சட்டம். நிற்கும் கூரைகளில் சட்ட முனைகளை ஒட்டி, சுவரிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, ஒரு குறுக்கு விட்டமும் கீழே முட்டுகளும். முட்டு அடுத்த தளத்தின் மேல் நின்றால் அந்தத் தளத்துக்கும் முட்டு வேண்டும். நல்ல தரைவரை போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது, சுவரின் தலையை மூடுவது. தளர்ந்த செங்கல்லை எடுத்துவிட்டு இரண்டு வரிசை புதுச் செங்கல், மேலே வாட்டமான சுண்ணாம்புப் பூச்சு. சிமென்ட் வேண்டாம்.

விழுந்த பொருள்களைக் குப்பையாக அள்ளிக்கொண்டு போகாமல் காப்பது நான்காவது, பெரும்பாலும் மறந்துபோவதும் இதுவே. பழைய தேக்குச் சட்டத்தின் உளுத்த முனையை அறுத்துவிட்டால் மிச்சம் முக்கால் பாகம் நல்ல மரம். சற்றுக் குறுகிய அறைக்கு அப்படியே போகும், அல்லது முனையில் புதுத் தேக்கைச் சாய்வு மூட்டில் இணைத்து, இருபக்கமும் எஃகுப் பட்டை வைத்து முடுக்கலாம். அந்தத் தரத்தில் தேக்கு இன்று கடையில் கிடைக்காது. இடிப்பு ஒப்பந்தங்களில் மரத்தின் விலையே ஒப்பந்ததாரரின் லாபம் என்பதால் முதலில் காணாமல் போவதும் மரம்தான்.

கூரையை மீண்டும் போடும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். சட்ட முனையைச் சுவர்ப்பொந்தில் சாந்து வைத்து அடைக்காமல் மூன்று பக்கமும் விரல் அளவு காற்றிடம் விட வேண்டும், அடியில் கல் அல்லது கருங்காலிக் கட்டை. சுண்ணாம்பை நீற்றி நீருக்கடியில் குறைந்தது மூன்று வாரம் ஊற வைக்க வேண்டும். நீறாத துணுக்கு ஒன்று தளத்தில் போனாலும் பிறகு அது நீறிப் பெருத்துத் தளத்தைக் குமிழாகத் தள்ளும். அடித்த தளத்தை ஈரச்சாக்கால் மூடி மெதுவாகக் காய விட வேண்டும். வெயிலில் வேகமாகக் காய்ந்தால் முடி விரிசல் ஓடி, முதல் மழையிலேயே நீர் அச்சுக்கல்லைத் தொடும். ஆகவே இந்த வேலை ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் முடிவது நல்லது.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்குச் சேப்பாக்கம் சாட்சி. அங்குள்ள சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான ஹுமாயூன் மகாலின் கூரைகள் சரிந்து, உள்ளே மரங்கள் முளைத்துக் கிடந்தன. பாரத் கட்டடத்தைவிட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது அது. பொதுப்பணித்துறை அதை மெட்ராஸ் டெரஸ் முறையிலேயே கூரை போட்டு மீட்டது. அதன் பக்கத்தில் 2012 தீ விபத்தில் எரிந்த கலஸ் மகாலும் மீண்டு இன்று அலுவலகமாக இயங்குகிறது. அந்தப் பணிகளில் கை பழகிய கொத்தனார்களும் தச்சர்களும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். கூரையில்லாத சுண்ணாம்புக் கட்டடம் மீட்க முடியாதது என்ற வாதம் சென்னையில் இனி எடுபடக் கூடாது.

உத்தரவில் எழுத வேண்டியது

பாரத் கட்டட வழக்கு காட்டும் சட்ட ஓட்டை ஒன்றுதான். இடிக்காதே என்ற கட்டளைக்கு மீறல் உண்டு, தண்டனை உண்டு. காப்பாற்று என்ற கட்டளைக்குத் தேதியும் அளவும் இல்லாவிட்டால் மீறலே கிடையாது. உரிமையாளர் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே கட்டடம் தானாக ஆபத்தான நிலைக்கு வந்துசேரும், பிறகு அந்த ஆபத்தே இடிப்பதற்கான காரணமாகும். தமிழ்நாடு 2012ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியிலும் மழை ஆண்டுக்கு 1,400 மி.மீ. பெய்துகொண்டுதான் இருந்தது.

ஆகவே இப்படிப்பட்ட வழக்கில் இடைக்காலத் தடை கேட்டுப் போகும் எவரும் மனுவிலேயே நான்கு கோரிக்கைகளைச் சேர்க்க வேண்டும். அக்டோபர் 1க்குள் தனிச் சாரத்தில் தற்காலிகக் கூரை, செலவு உரிமையாளருடையது. இடித்தெடுத்த மரம், கல், இரும்பு, செங்கல் ஆகியவற்றின் எண்ணிக்கைப் பட்டியல், வளாகத்தை விட்டு வெளியே எடுத்துச் செல்லத் தடை. 1:50 அளவில் வரைபடமும் ஒவ்வொரு முகப்பின் புகைப்படப் பதிவும் 90 நாளில். பாரம்பரியக் கட்டட அனுபவமுள்ள பொறியாளர் மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கு இருமுறை பார்வையிட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அறிக்கை. உரிமையாளர் முதல் கோரிக்கையை நிறைவேற்றத் தவறினால் மாநகராட்சி செய்துவிட்டுச் செலவைச் சொத்துவரியோடு வசூலிக்கலாம் என்ற வரியையும் கேட்க வேண்டும். 24 சதுர மீட்டர் அறைக்கு மேல் தகரம் போட ஆகும் செலவு, அதே அறைக்கு 14 தேக்குச் சட்டமும் 4,300 அச்சுக்கல்லும் வாங்கிப் புதிதாகத் தளம் அடிக்க ஆகும் செலவில் சிறு பங்குதான். நீதிபதிக்கு அந்த இரண்டு மதிப்பீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனுவோடு இணைப்பாகக் கொடுக்க வேண்டும்.